பூசையில் வைத்த கித்தார்

1

சரஸ்வதி பூசையன்று மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு குழலால் சண்டை வந்தது. நீங்கள் நினைக்கும் மூங்கில் குழல் இல்லை. இங்கே இரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு மரத்தில் செய்த ஊதுகுழல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பின்னேரம் நாலு மணியானால் எங்கள் கட்டடத்தில் மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் அது கீச்சிடும். சூரிச்சில் பிள்ளை வளர்க்கிறவன் காதைப் பொத்திக்கொள்ளப் பழக வேண்டும்.

என் மனைவி ராணி, மகள் சுபாவின் புத்தகங்கள், அடிமட்டம் எல்லாவற்றோடும் அந்தக் குழலையும் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டும் இட்டுவிட்டாள். சுபா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதற்கு முன், பெற்றோர் முன்னிலையில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஊத வேண்டுமாம்.

"பஞ்சாங்கத்திலை பத்து மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம் கிடக்கு. அதுக்கு முதல் ஆரும் கை வைக்கப்படாது," என்றாள் ராணி.

"எட்டு மணிக்கு நான் என்னத்தை ஊதுறது? விரலையோ?"

சுபா இதைத் தமிழில் கேட்கவில்லை. இந்த ஊர் டொச்சில், அதாவது சுவிஸ் ஜேர்மனில், கேட்டாள். எட்டு வயது, தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் கோபம் வந்தால் அவளுக்கு மற்ற மொழிதான் வாயில் வருகிறது. வந்து ஒன்றரை வருடத்தில் இந்த மாற்றம். தாய்க்கு அதில் பாதிதான் விளங்கும். ஆகையால் சண்டையில் மகள்தான் எப்போதும் வெல்லுவாள். அன்றைக்கு வெல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஸேக் எப்பிஸ்!"

ஏதாவது சொல்லுங்கோ என்று அர்த்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேற்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டேன். வேலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டைப் பையில் காலைத் தபாலில் வந்த ஒரு கடிதம் கிடந்து கனத்தது.

பிரேசில் முத்திரை. உள்ளே போர்த்துக்கேய மொழியில் நெருக்கமாக இரண்டு பக்கம். எனக்கு அதில் என் பெயரையும், கீழே எழுதியிருந்த ஜசீரா என்ற பெயரையும் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் இதே சரஸ்வதி பூசையில், இதேமாதிரி நான் வாய் திறக்காமல் இருந்ததால் அவருடைய பிழைப்பு கெட்டது. அதை ஒப்புக்கொண்டு போன வருடம் ஒரு கடிதம் போட்டிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பதில். திட்டியிருக்கிறாரா, மன்னித்திருக்கிறாரா, தெரியாது. என்னோடு வேலை செய்யும் பெர்னாண்டா போர்த்துக்கல்காரி. மூன்று மணி இடைவேளைக்குத்தான் அவளைப் பிடிக்கலாம். வேலை தொடங்கும்வரை நான் லாங்ஸ்ட்ராசெத் தெருவில் ட்ராம் தண்டவாளத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருந்தேன்.

2

எண்பத்துநாலாம் ஆண்டு நான் இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான். அகதி மனுவுக்காக என்னை விசாரித்த அலுவலர் நான் சொன்ன ஒவ்வொரு வசனத்துக்கும் திகதி கேட்டார். ஒருவன் பயந்து ஓடுகிறபோது கலண்டரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறானா என்ன? முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்றார்கள். நிலவறையில் நடந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன். கோப்பை கழுவாத யாழ்ப்பாணத்தான் இங்கே இல்லை, இருந்தால் பொய் சொல்கிறான்.

கடையில் ஒரு பக்கம் சின்ன மேடை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் நானும் எச்சில் பீங்கான்களும். ஒரு நாள் மாலை மைக் ஊளையிடத் தொடங்கியது. நிறுத்த யாரும் இல்லை. ஊரில் நான் ஒலிபெருக்கிக் கடையில் வேலை செய்தவன். கோயில் திருவிழா, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி எங்கே என்றாலும் பூவரச மரத்தில் ஏறி லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான்தான். அந்த ஊளை என் காதில் விழுந்தால் கை சும்மா இருக்காது. ஈரச் சட்டையோடு மேடைக்குப் போய், ஒலிபெருக்கியை மைக்குக்குப் பின்னால் இருந்து முன்னுக்கு இழுத்துவிட்டு, பாடிக்கொண்டிருந்தவரைக் கையால் இரண்டடி தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து கோப்பை கழுவினேன். பெரிய முதலாளி முறைத்தார்.

பாட்டு முடிந்ததும் பாடிய பெண் சமையலறைக்குள் வந்தார். அவர்தான் ஜசீரா. நாற்பது வயதிருக்கும். கறுத்த, உயர்ந்த பெண், கையில் கித்தார். பின்னால் சாய்ந்து உரக்கச் சிரித்தார். இந்த நாட்டில் அப்படிச் சத்தமாகச் சிரித்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

எங்களுக்குள் ஒரு மொழி உண்டாயிற்று. சமையலறையில் எல்லாரும் கதைக்கும் அரைகுறை இத்தாலியன் கொஞ்சம், டொச் கொஞ்சம், மிச்சம் கை. நான் அவரை அக்கா என்றேன், விளக்கம் சொன்னேன். அப்படியானால் உனக்கு என்ன சொல்வது என்று கேட்டு, அன்று முதல் என்னைத் தம்பி என்றார். அவர் சொன்னவற்றை என் பேச்சில்தான் எனக்கு எழுத வரும். குறை பிடிக்காதீர்கள்.

3

பின்படிக்கட்டில் நின்று அவர் புகைப்பார். நான் கையைக் காயவைப்பேன். அங்கேதான் அவருடைய கதை துண்டு துண்டாக வந்தது.

பிறந்தது பிரேசிலில் பாஹியாப் பக்கம், ஆற்றங்கரை ஊர் ஒன்றில். தாய் சுருட்டுச் சுற்றும் தொழிற்சாலையில் வேலை. இதைக் கேட்டதும் நான் துள்ளிவிட்டேன். என் தகப்பனும் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்தான். எங்கள் கொட்டிலில் ஒருவர் நடுவில் இருந்து பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவருடைய ஊரில் ஒருத்தி ஓர் அடி பாடுவாளாம், மற்றப் பெண்கள் திருப்பிப் பாடுவார்களாம். "அம்மாவுக்குக் குரல் போன பிறகு அந்த முதல் அடியை நான்தான் பாடினனான். பன்னிரண்டு வயசு," என்றார். மாமன் ஒருவரின் பழைய கித்தாரில் தானே பழகினார். பதினாறில் வானொலியில் புதுப் பாடகர் போட்டியில் முதலாவதாக வந்து ஒரு பெட்டி சவர்க்காரம் பரிசு வாங்கினார். "அந்தச் சவர்க்காரம் தீர்றதுக்குள்ளை நான் வீட்டை விட்டிட்டன், தம்பி."

பெரிய நகரத்துக்குப் போய் இரவு விடுதிகளில் பாடினார். ஒரு இசைத்தட்டு வந்தது, பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டும் வேறு யாரோ எழுதியவை. பிறகு தன் சொந்தப் பாட்டுகளைக் கொண்டுபோனார். அது அங்கே ஜெனரல்கள் ஆண்ட காலம். பாட்டு வரிகளை முதலில் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். சுருட்டுப் பெண்களின் கூலியைப் பற்றிய ஒரு பாட்டில் சிவப்புக் கோடு விழுந்தது. இசைத்தட்டுக்காரர் பயந்து மற்றப் பாட்டுகளையும் சேர்த்து மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டு. பிறகு ஆட்டக் குழு ஒன்றோடு ஐரோப்பா. தலையில் இறகு, இடுப்பில் இறகு. குழு ஜெனீவாவில் உடைந்தது. ஆளாளுக்கு ஒரு பக்கம் போனார்கள், இவர் கித்தாரோடு நின்றுவிட்டார்.

ஏழு வருடம் அப்படி. கலைஞர் அனுமதியில் வருடத்துக்கு எட்டு மாதம் இங்கே. மிச்சம் நாலு மாதம் லிஸ்பனில் ஒரு தோழியின் அறை. எட்டு மாதம் முடியுமுன் ஒரு புது ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். முதலாளிமார் கேட்பதெல்லாம் கார்னிவல் பாட்டு. "இறகைக் கழட்டி ஏழு வருசம். இவங்கட கண்ணிலை இன்னும் எனக்கு இறகு முளைச்சிருக்கு," என்பார். சிரிப்பார். ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்காது. படியில் ஏறுவார், இறங்குவார், சிகரெட்டைப் பாதியில் நூர்ப்பார், இன்னொன்று பற்றவைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. தன் சொந்தப் பாட்டுகள் ஒரு இசைத்தட்டில் வரவேண்டும். இருபத்தைந்து வருடம் பாடியும் அவருடைய பாட்டு ஒன்றுகூட எங்கும் பதிவாகவில்லை.

அந்த ஆசைக்கு ஒரு வழி அந்த ஒக்டோபரில் வந்தது. நொஷாட்டலில் சின்னதாக இசைத்தட்டு வெளியிடும் ரொபேர் என்ற ஒருவர், கித்தார் வாசித்துப் பாடும் பெண்கள் என்று ஒரு வரிசை செய்கிறாராம். ஒரு வியாழன் முன்மாலை கேட்க வருவதாக எழுதியிருந்தார். பிடித்தால் இசைத்தட்டு, அதோடு ஒப்பந்தம், ஒப்பந்தத்தோடு அனுமதி. பிடிக்காவிட்டால் மாத முடிவில் பெட்டி கட்ட வேண்டியதுதான், லிஸ்பன் தோழியும் கலியாணம் கட்டிவிட்டாள். அந்தக் கடிதத்தை எனக்கு நாலு தரம் வாசித்துக் காட்டினார்.

4

இனி என் குற்றம்.

அப்போது நாங்கள் நாலு பேர் இரண்டு அறையில் இருந்தோம். மூத்தவர் சதாசிவம் அண்ணை, ஊரில் உபதபால் அதிபர், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கிறவர். "நாடு விட்டாலும் நவராத்திரியை விடக்கூடாது," என்று ஒரே பிடி. அவல் கிடைக்கவில்லை, ஓட்ஸில் சீனியும் தேங்காய்ப்பூவும் குழைத்தோம். பூ வாங்கப் போனேன். செவ்வந்தியைக் காட்டினேன். பூக்கடைக்காரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு யாருடைய கல்லறைக்கு என்று கேட்டாள்.

பூசையில் வைக்க எங்களிடம் என்ன இருந்தது? ஒரு டொச் அகராதி. சதாசிவம் அண்ணையின் இஸ்திரிப்பெட்டி. ஒருவனுடைய வெங்காயம் வெட்டும் கத்தி. என்னுடைய கசட் ரெக்கோடர். கலைமகளுக்கு முன்னால் இந்தச் சாமான்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக வந்தது. ஒரு வாத்தியம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை ஜசீரா அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"எங்கட படிப்புக் கடவுளுக்கு நாளைக்குப் பூசை. அவவின்ரை கையிலையும் ஒரு தந்தி வாத்தியம் இருக்கு. உங்கட கித்தாரை ஒருக்கா வைச்சுக் கும்பிட்டிட்டுத் தாறன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குத்தான் அந்த மனிசன் வாறார். தெரியுந்தானே?"

"ஓம், ஓம். தெரியும்."

தெரியும். எல்லாம் தெரியும். நவமியில் வைத்த வாத்தியத்தை விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது என்பதும் தெரியும். அதைச் சொன்னால் தரமாட்டார் என்பதும் தெரியும். மத்தியானம் பூசை முடிந்ததும், மற்றவர்கள் வேலைக்குப் போனபிறகு, நைசாக எடுத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஊமையன் கனவு கண்டமாதிரி எல்லாவற்றையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கித்தாரின் தலையில் நிறம் மங்கிய நாடா ஒன்று மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அவருடைய ஊர்க் கோயிலில் நேர்ந்து கட்டியதாம், தானாக அறுந்து விழும்வரை அவிழ்க்கக்கூடாதாம். சதாசிவம் அண்ணை அதைத் தொட்டுப் பார்த்தார். "நேர்த்தி நூல். எங்கட ஆக்கள்தான்," என்றார். சந்தனத்தைக் குழைத்துக் கித்தாரின் நெற்றியில் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் சாத்தினார். இஸ்திரிப்பெட்டிக்கும் அகராதிக்கும் நடுவில் அது எங்கள் வீட்டுக்கு வந்த மகாராணியாய் இருந்தது. நான் அழுதேன். ஊரை விட்டு வந்தபிறகு அன்றுதான் அழுதேன்.

5

கணக்குப் பிழைத்தது. மத்தியானம் செய்ய வேண்டிய பூசையை, எல்லாரும் நிற்கவேண்டும் என்று சதாசிவம் அண்ணை பின்னேரம் நாலு மணிக்குத் தள்ளிவைத்தார். அவர் வேலைக்கு லீவு வேறு எடுத்திருந்தார். ஐந்து மணிக்குத் தீபம் காட்டி முடிந்தது. அக்கா ஆறரைக்குப் பாட வேண்டும்.

"அண்ணை, நான் இதைக் குடுத்திட்டு வாறன்."

"எதை?"

"கித்தாரை. அவ இண்டைக்குப் பாடவேணும்."

சதாசிவம் அண்ணை திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "என்ன கதை கதைக்கிறீர்? வைச்சது வைச்சதுதான். நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம். அவவுக்குச் சொல்லித்தானே வாங்கினனீர்?"

"ஓம்," என்றேன். இரண்டாவது பொய்.

ஆறு மணிவரை அந்த அறையில் இருப்பதும் எழும்புவதுமாகக் கிடந்தேன். மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் போய், அண்ணையும் தெரிந்த வீடுகளுக்குப் பிரசாதம் கொண்டுபோன நேரம் பார்த்து மாலையைக் கழற்றினேன். சரஸ்வதியின் முகத்தைப் பார்க்கவில்லை. கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். ட்ராமில் எதிரே இருந்த கிழவர் சந்தனப் பொட்டையும் என் வேர்வையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா பின்படிக்கட்டில் நின்றார். அன்று அவர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அசையாமல் நின்றார். கித்தாரை நீட்டினேன். கையை நீட்டியவர் பொட்டைக் கண்டதும் நிறுத்தினார். செவ்வந்தி இதழ் ஒன்று தந்திக்குள் சிக்கியிருந்தது.

"பூசை முடிஞ்சுதோ?"

பொய் மூன்றாவது தரம் வாயில் வரவில்லை. "நாளைக்குக் காலமைதான் முடியும். நான் இடையிலை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உள்ளே ரொபேர் வந்து உட்கார்ந்தாயிற்று, வைன் கேட்டுவிட்டார் என்று முதலாளி கதவால் எட்டிக் கத்தினார்.

"எங்கட ஊரிலை கடலம்மாவுக்குப் பூவும் வாசனைத் தண்ணியும் குடுக்கிறது. அலை தானாத் திருப்பித் தந்தால் வேறை கதை. கையை விட்டு எடுக்கிறேல்லை. என்ரை அம்மா எடுக்கேல்லை, நானும் எடுக்கமாட்டன். கொண்டுபோய் வை."

"அக்கா, உங்கட இசைத்தட்டு..."

"கொண்டுபோய் வை, தம்பி!"

சமையலறைக்குள் போனார். நான் முதல் நாள் இரவு கழுவி அடுக்கிய பீங்கானில் ஒன்றையும் ஒரு மேசைக் கத்தியையும் எடுத்தார். அவருடைய ஊர்ப் பெண்கள் கத்தியால் பீங்கான் விளிம்பை உரசித் தாளம் போட்டுத்தான் பாடுவார்களாம். மேடையில் ஏறினார். சுருட்டுப் பாட்டின் முதல் அடி வந்தது. சிவப்புக் கோடு விழுந்த பாட்டு. பீங்கானிலிருந்து அப்படி ஒரு ஓசை வருமென்று ஆயிரம் ஆயிரமாய்க் கழுவிய எனக்குத் தெரியாது. மேசைகளில் பாதிப்பேர் சிரித்தார்கள். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்கள். திருப்பிப் பாட வேண்டிய இரண்டாம் அடிக்கு ஆளில்லை. அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போனார்.

ரொபேர் நல்ல மனிதர். நாலு பாட்டு மரியாதையாகக் கேட்டார். பிறகு எழும்பி, குரல் அருமை என்றார், கித்தாரைக் கேட்கத்தானே வந்தேன் என்றார், ரயிலுக்கு நேரமாகிறது என்றார். நான் கித்தாரோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போதாவது வெளியே வந்து, மொசியே, பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அகதி மனு, முதலாளியின் முறைப்பு, ஈரச் சட்டை என்று நூறு சாட்டு. அண்ணை வீடு திரும்புமுன் கித்தாரைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்து மாலையும் சாத்திவிட்டேன்.

6

விஜயதசமி காலை ஏழு மணிக்குக் கதவு தட்டியது. அக்கா. சதாசிவம் அண்ணை நெற்றி நிறையத் திருநீற்றோடு வரவேற்று, கித்தாரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். நான் இடையில் எடுத்தது அவருக்கு இன்றுவரை தெரியாது; இப்போது குடியிருக்கும் ஒஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இருந்து இதை வாசித்துவிட்டு ஃபோன் எடுத்து ஏசப்போகிறார்.

"இண்டைக்குத் தொட்டவுடனை கொஞ்சம் வாசிக்கவேணும். அதுதான் முறை," என்றார் அண்ணை. நான் விளக்கினேன்.

அக்கா காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். ஓட்ஸ் அவலை ஒரு வாய் சாப்பிட்டார். நானும் என் சாமானைத் தொட வேண்டும் அல்லவா? ரெக்கோடரை எடுத்துப் பதியும் பொத்தானை அழுத்தினேன். ஒரு மணித்தியாலம். எல்லாம் அவருடைய சொந்தப் பாட்டுகள். மெல்லத் தொடங்கினார். சுருட்டுப் பாட்டு வந்தபோது கையைக் காட்டி எங்களைத் திருப்பிப் பாடச் சொன்னார். நாலு யாழ்ப்பாணத்தார் ஒரு சொல்லும் விளங்காமல் இரண்டாம் அடியைப் பாடினோம். பேராசிரியர்போல இருக்கும் சதாசிவம் அண்ணை தொடையில் தாளம் போட்டார். கசட்டில் இப்போதும் அது கேட்கும். நடுவில் ட்ராம் மணியும் கேட்கும்.

மாத முடிவில் அக்கா போனார். முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன் என்றார். ரயிலடியில் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் லாங்ஸ்ட்ராசெயில் வீடியோக் கடைக்காரனிடம் கசட்டைப் பிரதி எடுத்து ரொபேருக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. அபாரம், வசந்தத்தில் பதிவுக்கு வரச் சொல்லுங்கள் என்று. யாருக்குச் சொல்வது? ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் மட்டும் எழுதி இரண்டு கடிதம் போட்டேன். மூச்சுப் பேச்சில்லை. போன வருடம் மூன்றாவதாக, என் அரைகுறை இத்தாலியனில், சொல்லாமல் கித்தாரை வாங்கியது முழுவதையும் எழுதிப் போட்டேன்.

7

பெர்னாண்டா முற்றத்தில் பெட்டிமேல் இருந்து கடிதத்தை முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பெண்ணுக்கு நீ என்ன செய்தாய்?"

"வாசி," என்றேன். அவள் ஒவ்வொரு வரியாக இத்தாலியனில் சொன்னாள்.

கடிதங்கள் மூன்றும் கோயிலில் கிடந்து பிந்தித்தான் கிடைத்தனவாம். ரொபேருக்கு எழுதினாராம், அந்த வரிசை முடிந்துவிட்டது என்று பதில் வந்ததாம். இப்போது ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுகிறார். விரல் மூட்டு நோகிறது. பிறகு எழுதியிருந்தார்:

"தம்பி, முழுவதையும் சொல்லியிருந்தால் நான் கித்தாரைத் தந்திருக்கமாட்டேன். நீ நினைத்தது சரி. அதனால் நீ செய்தது பிழை. உன்மேல் எனக்கு ஒரு வருடம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அந்த நாட்டில் ஏழு வருடம் என் கித்தாரை எத்தனையோ பேர் வாசிக்கச் சொன்னார்கள். வீட்டுக்குள் கூப்பிட்டு, பூப்போட்டு, இருக்க வைத்தது நீங்கள் மட்டும்தான். அந்தக் காலையில் நீ பதிந்தாயே, அந்தக் கசட் இருக்கிறதா? அனுப்பு. என் பாட்டு எல்லாரிடமும் போய்விட்டது, என்னிடம் ஒரு பதிவும் இல்லை."

பெர்னாண்டா மூக்கை உறிஞ்சினாள். கசட் எங்கே இருந்தது தெரியுமா? வீட்டில், சாமிப்படத்துக்கு முன்னால், சுபாவின் குழலுக்குப் பக்கத்தில். வருடா வருடம் நான் அதைப் பூசையில் வைப்பேன். எதற்கு என்று ராணிக்கும் சொன்னதில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் இருத்தி முழுக் கதையையும் சொன்னேன். ராணி கேட்டு முடித்துவிட்டு, "இதைச் சொல்ல உங்களுக்கு மூண்டு வருசமோ? நல்ல மனிசன்!" என்றாள். சுபா குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிய ஆறு மணிக்கு ராணியே விளக்கேற்றினாள். "நவமி போயிட்டுது. பத்து மணி பஞ்சாங்கத்துக்கு. பிள்ளைக்கு எட்டு மணி," என்று குழலை எடுத்துக் கொடுத்தாள். சுபா சந்தனத்தைத் துடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் ஊதினாள். கொஞ்சம் பிசகியது, பரவாயில்லை.

பின்னேரம் சுபாவையும் கூட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனேன். ஒரு பிரதி எடுத்துவிட்டு அனுப்பலாமே என்று ராணி கேட்டதற்கு வேண்டாம் என்றேன். பச்சைச் சுங்கத்தாளில் இரண்டு பெட்டிதான் இருந்தன: அன்பளிப்பு, வியாபார மாதிரி. நான் பேனாவோடு நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. அன்பளிப்பில் கோடு போடுங்கள் என்றாள் கந்தோர்ப் பெண். நான் அசையவில்லை. அப்பனின் டொச்சை நினைத்து வெட்கத்தில் சுபாவின் காது சிவந்தது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ஸேக் எப்பிஸ்."

"அன்பளிப்பு இல்லை," என்றேன், என் உடைந்த டொச்சில், வரிசை முழுவதற்கும் கேட்க. "இது அவவின்ரை பாட்டு. அடுத்த நாள் திருப்பித் தாறன் எண்டு கித்தாரோடை வாங்கினனான். மூண்டு வருசம் பிந்திப்போச்சு."